தூண்களுக்குச் சட்டை போட்டவள்

நான் சிலி நாட்டுப் பயணம் முடிந்து பரிஸ் நகருக்குத் திரும்பிய வாரம், உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், பயமாக இருக்கவில்லையா, இனியாவது ஒரு இடத்தில் இருப்பாயா. சிவாஜினி அக்கா மட்டும் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "சிலியிலை வீட்டுத் தூணெல்லாம் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டாள்.

நான் இரண்டு கையையும் விரித்து ஒரு அளவு காட்டினேன்.

"மூலைத் தூணோ, நடுத் தூணோ?"

"அக்கா, நான் ஊர் பாக்கப் போனனான். தூண் பாக்கப் போகேல்லை."

"தூண் பாக்காமல் என்னத்தை ஊர் பாத்தனி," என்றாள்.

அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது பூமி அசைந்த கதையை அவளுக்குச் சொன்னேன். மேசை நடுங்கியது. மேலே தொங்கிய விளக்கு ஆடத் தொடங்கியது. பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓய்ந்ததும் கரண்டியை எடுத்து மிச்ச சூப்பைக் குடித்தார். இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அந்தாளுக்குத் தன்ரை தலைக்கு மேலை இருக்கிற கூரையிலை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கட்டுறதுக்கு அங்கை எத்தினை பேர் எத்தினை வருசம் சண்டை பிடிச்சிருப்பினம், தெரியுமோ?"

சிவாஜினி என் பெரியம்மாவின் மகள். வயது நாற்பத்திரண்டு. பரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், பிலிப் து ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கணவர் உதயனோடும் மகள் மெலீனாவோடும் இருக்கிறாள். பதின்மூன்று வயதில் பிரெஞ்சு தெரியாமல் இங்கே பள்ளிக்கூடம் போனவள். கணக்கு வந்தது, மொழி வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை அந்தக் காலத்தில் எங்கே தள்ளுவார்களோ அங்கேதான் அவளையும் தள்ளினார்கள்: கட்டட வரைபடம் கீறப் பழக்கும் தொழிற்கல்வி வகுப்புக்கு. புறநகரான சென் தெனியில் ஒரு கட்டுமானக் கணிப்பு அலுவலகத்தில் கொங்கிறீற்றுக்குள் போகும் கம்பிகளைக் கீறும் வேலையில் சேர்ந்தாள். பகலில் மற்றவர்கள் கணித்த கம்பிகளைக் கீறினாள். மாலையில் அவற்றைத் தானே கணிக்கப் படித்தாள். கடைசிப் பரீட்சைக்கு மெலீனாவை வயிற்றில் சுமந்துகொண்டு போனாள். மேசைக்கும் தனக்கும் நடுவில் வயிறு இடித்ததால் பக்கவாட்டில் இருந்து எழுதினாள் என்று உதயன் அத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்.

பரிசில் பூமி அசைவதில்லை. பிரான்சின் நிலநடுக்க வரைபடத்தில் பரிஸ் ஆகக் குறைந்த ஆபத்துள்ள நிறத்தில் இருக்கிறது. ஆனால் அக்காவின் மேசைக்கு வருகிற கட்டடங்கள் நீஸ் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள், கிறெனோபிள் ஆஸ்பத்திரிகள், கடல் கடந்து குவாதலூப்பில் கட்டும் வீடுகள். தன் காலடியில் ஒருநாளும் உணராத ஒரு ஆட்டத்துக்காக இருபது வருடமாகக் கம்பி கீறியும் கணக்குப் போட்டும் வருகிறாள். கலியாண வீடுகளுக்குப் போனாலும் பொம்பிளையைப் பார்ப்பதற்கு முன் மேல்தளத்தைத்தான் பார்ப்பாள். பெரியம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். "பல்லி பாக்கிறாள் எண்டு சனம் நினைக்குது," என்று இடிப்பார்.

இப்படிப்பட்டவளுடைய கையில்தான் எங்கள் ஊரில் இருந்து இங்கே வந்தவர்கள் நடத்தும் சங்கத்தின் படம் ஒன்று கிடைத்தது.

நீஸ் நகருக்கு மேலே ஒரு மலைச்சரிவில் சங்கத்துக்கு ஒரு கட்டடம் உண்டு. முன்பு கீழே கார் திருத்தினார்கள். மேலே தொழிலாளர்கள் தங்கினார்கள். ஆறு வருடத்துக்கு முன் சங்கம் அதை வாங்கியது. கோடை விடுமுறையில் பரிஸ், செவ்ரான், பொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மேலே படுக்கவைத்து, தமிழும் நீச்சலும் பழக்குவதற்காக. அந்த முகாமை எல்லோரும் 'கொலோ' என்பார்கள்.

வாங்கிய புதிதில் கட்டடத்தைத் திருத்தியபோது கீழ்த்தளத்துத் தூண் ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுத்தது. ஒரு ரியூப்லைட் கொடுத்தாலே அதில் 'உபயம்' என்று பெயர் எழுதுகிற ஆட்கள் நாங்கள். தூண் என்றால் விடுவோமா? ஒன்றைத் தவிர ஒவ்வொரு தூணிலும் கண் மட்டத்தில் ஒரு பளிங்குத் தகடு ஏறியது. தாய் தகப்பன் பெயர், ஊர் வட்டாரம், கடைப் பெயர், ஒன்றில் தொலைபேசி இலக்கமும்.

போன இலையுதிர் காலத்தில் சங்கத் தலைவர் கரிகாலனுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் லா சப்பலில் மணவறை அலங்காரம் செய்கிறவர். கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே இருந்த சுவர்களை எடுத்துவிட்டால் பெரிய கலியாண மண்டபம் ஆகிவிடும். யாரிடம் கேட்பது என்ற கேள்வியே எழவில்லை. ஊரில் குளம் தூர்வாரியது போல, கோயில் வீதி துப்பரவாக்கியது போல, எல்லோரும் கூலியில்லாமல் கைகொடுக்கும் சிரமதானம் என்று அறிவித்தார்கள். புதுவருடத்தை ஒட்டிய ஒரு நீண்ட வார இறுதியில் வான் வண்டிகள் நிறைய ஆட்கள் போனார்கள். பெண்கள் அண்டாவில் சோறு வைத்தார்கள். ஆண்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சுவர்களை உடைத்தார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்தது. சங்க வாட்ஸப்பில் படங்கள் வந்து விழுந்தன. கல் குவியலின் மேல் சம்மட்டியோடு நின்ற மடுத்தீன் அண்ணையின் படத்துக்குத்தான் அதிகக் கைதட்டல். அவர் இங்கே கட்டட வேலைத்தலங்களில் மேசனாக இருக்கிறவர்.

அக்கா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மடுத்தீன் அண்ணை திரைக்கு வெளியே போனார். பின்னால் வெறும் தூண்கள் மட்டும் தெரிந்தன.

"சுவரெல்லாம் எங்கை?" என்றாள். உடனே கரிகாலனுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணை, கீழ்ச் சுவரெல்லாத்தையும் ஏன் எடுத்தனீங்கள்?"

"வடிவாய் இருக்கெல்லே? மணவறையை எந்த மூலையிலை இருந்தும் பாக்கலாம்."

"ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"அது சும்மா கல்லுச் சுவர், தங்கச்சி. தூண் ஒண்டிலையும் நாங்கள் கை வைக்கேல்லை. உபயமெல்லே!"

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா எனக்கு விளங்கப்படுத்தினாள். அந்தச் சும்மா கல்லுச் சுவர்கள்தான் கட்டடத்தின் கீழ்ப்பகுதியைப் பக்கவாட்டில் அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இப்போது மேலே அறைகளும் சுவர்களுமாகக் கனமான ஒரு பெட்டி. கீழே மெல்லிய கால்கள். நிலம் பக்கவாட்டில் இழுத்தால் ஆட்டம் முழுவதையும் அந்தக் கால்கள்தான் தாங்க வேண்டும். உலகத்தில் பல நகரங்களில் இப்படிக் கீழ்த்தளத்தைக் கடைக்கும் கார் நிறுத்தவும் திறந்துவிட்ட கட்டடங்கள்தான் முதலில் குந்தியிருக்கின்றன. மேல்மாடி அப்படியே முழுதாக இறங்கித் தரையில் இருக்கும். கீழ்த்தளம் இருக்காது.

மறு சனிக்கிழமை நாங்கள் நீஸுக்கு ரெயில் ஏறினோம். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைக் கண்டுபிடிக்கும் கருவியை அக்கா அலுவலகத்தில் இரவல் வாங்கிக் கொண்டு வந்தாள். மடுத்தீன் அண்ணை தன் செலவில் எங்களுக்கு முன்னமே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். அக்கா ஒவ்வொரு தூணாக அந்தப் பெட்டியை மேலும் கீழும் உருட்டினாள். கம்பி வரும் இடத்தில் அது கீச்சிட்டது. நெடுங்கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையங்களைத்தான் அவள் தேடினாள். நிலம் அசையும்போது தூணின் தலையும் காலும்தான் முதலில் நொறுங்கும். வளையங்கள் அங்கே நெருக்கமாக இருக்க வேண்டும். இங்கே கீச்சுக்கும் கீச்சுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு முழம் இருந்தது.

மடுத்தீன் அண்ணை பின்னாலேயே வந்தார். கடைசித் தூணில் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "அப்ப நான் கொலைகாரனோ?"

"இல்லை அண்ணை. இன்னும் ஒருத்தரும் சாகேல்லை."

அவர் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். "என்ன செய்யவேணும் எண்டு சொல்லு," என்றார்.

செய்ய வேண்டியது இதுதான். பின்பக்கத்தில் இரண்டு இடங்களைக் கொங்கிறீற் சுவரால் அடைக்க வேண்டும். எல்லாத் தூண்களிலும் பூச்சை உரித்து, மேற்பரப்பைக் கொத்தி, சுற்றிவரப் புதுக் கம்பிக்கூடு கட்டி, அதன் மேல் கொங்கிறீற் ஊற்றித் தடிப்பாக்க வேண்டும். பிரெஞ்சிலும் அதைத் தூணுக்குச் சட்டை போடுவது என்றுதான் சொல்வார்கள். அதுவரை மேலே பிள்ளைகள் படுக்கக் கூடாது. கொலோ யூலையில். அப்போது சனவரி.

கய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் சங்கம் கூடியது. கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது. அக்கா நின்றுகொண்டே பேசினாள். முடித்ததும் கரிகாலன் எழுந்தார்.

"தங்கச்சி படிச்சவள். ஆனா அங்கை கடைசியாப் பெரிசா ஆடி நூற்றி முப்பது வருசத்துக்கு மேலையாம். அதுக்கு இப்ப தூணுக்கு மருந்து கட்டச் சொல்லுறா."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குமுன் பின்னால் ஒருவர், "ஆடினா பிள்ளையள் வெளியிலை ஓடி வருந்தானே?" என்றார்.

"மேலை அறுபது பிள்ளையள். ஒரு படிக்கட்டு," என்றாள் அக்கா. "நித்திரையாலை எழும்பிச் செருப்புத் தேட முதல் எல்லாம் முடிஞ்சிடும். என்ரை மெலீனாவும் அந்த அறுபதுக்குள்ளை."

பழைய கட்டடத்தை அப்படியே விட்டிருந்தால் சட்டம் கேள்வி கேட்டிராது, கை வைத்து அதைப் பலவீனமாக்கியதுதான் குற்றம், ஏதாவது நடந்தால் தலைவரும் செயலாளரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரும் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு மேடைக்கும் விளக்குக்கும் வைத்திருந்த நிதியைத் தூணுக்குத் திருப்பலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"அப்ப சிரமதானமாவே செய்வம்," என்றார் கரிகாலன். "உடைச்ச பெடியளே கட்டட்டும்."

"சிரமதானத்திலை உடைக்கலாம் அண்ணை. இதைக் கட்டேலாது. முறையான கொம்பனி, பிளான், ஒவ்வொரு கட்டத்திலையும் பாக்கிறதுக்கு வெளியாள். நான் கணக்குப் போட்டாலும் அதை இன்னொருத்தர் பாக்கவேணும்."

கரிகாலன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு வழி கண்டவர்போல நிமிர்ந்தார். "சரி. ஆனா தூண் சங்கத்தின்ரை இல்லை. உபயகாரரின்ரை. அவையின்ரை பேரைக் கொங்கிறீற்றுக்குள்ளை மூடப்போறன் எண்டு நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா. ஒருத்தர் மாட்டன் எண்டாலும் நான் கை வைக்கன்."

அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"கேக்கிறன்," என்றாள்.

அடுத்த சில வாரங்கள், வேலை முடிந்து வந்ததும் சட்டைப்பையில் அளவு நாடாவோடு கடை கடையாக ஏறினாள். எனக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. நானும் கூடப் போனேன். ஒரு நகைக்கடைக்காரர் தகட்டை மீண்டும் மேலே ஒட்டுவதாக எழுதித் தரச் சொன்னார். ஒரு பயண முகவர் தன் தூணை வாசலுக்கு நேரே இருக்கும் தூணோடு மாற்றித் தர முடியுமா என்று விசாரித்தார். தையல் கடை மரியகொறற்றி அக்கா தைத்துக்கொண்டே கேட்டார்.

"சட்டை போட்டா தூண் பெருக்குமோ?"

"ஓம் அக்கா. எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெருக்கும்."

"அப்ப தகடும் பெரிசாப் போடலாம். அம்மாவின்ரை படமும் வைக்கலாம். போன முறை அந்தக் கரிகாலன் இடமில்லை எண்டவன்." ஊசியை நிறுத்திவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "தூணுக்கு அளவெடுத்துக்கொண்டு திரியிறாய், உன்ரை சட்டை தோளிலை தொங்குது. கழட்டிப்போட்டு வா, பிடிச்சுத் தாறன்."

இப்படி ஒவ்வொருவராக ஓம் சொன்னார்கள். பொன்னம்பலம் மாமா மட்டும் மிச்சம்.

அவர் லா சப்பலிலேயே பொபூர் சென் தெனி தெருவில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். வயது எழுபது தாண்டிவிட்டது. காலையில் ஒடியல் மா, முருங்கைக்காய், பனங்கட்டி எல்லாம் தானே இறக்கி அடுக்குவார். அவருடைய தூண் வடகிழக்கு மூலையில் நிற்பது. அதில் பளிங்குத் தகடு இல்லை. பூச்சு ஈரமாக இருந்தபோது அவருடைய மனைவி சாரதாதேவி கறி கிண்டிய கரண்டியின் காம்பால் அதில் எழுதினார்: 'ஐயா வேலுப்பிள்ளை, அம்மா நல்லம்மா நினைவாக. சாரதாதேவி.' தகட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொலோவுக்கு அனுப்பலாம் என்று சொல்லிச் சிரித்தாராம். அதற்கு அடுத்த வருடம் அவர் நோய்ப்பட்டு இறந்துபோனார்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். வெங்காயச் சாக்கைத் திறந்தபடி, "மூடுறதோ, உரிக்கிறதோ?" என்றார்.

"பூச்சை உரிக்கவேணும் மாமா. இல்லாட்டிப் புதுக் கொங்கிறீற் பழசோடை பிடிக்காது."

"மற்ற எல்லாத்தையும் செய். அதை விடு."

"அது மூலைத் தூண். கட்டடம் முறுகேக்கை மூலைக்குத்தான் கூட அடி."

"அதை விடு எண்டு சொன்னனான்." அவர் தலை நிமிரவில்லை.

அக்கா விட்டுவிட்டு வந்தாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் கணினியோடு இருந்தாள். அந்த ஒரு தூணைத் தொடாமல் விட்டுக் கணித்தாள். விட்ட தூணே முதலில் போனது. பக்கத்தில் ஒரு சுவர் வைத்துப் பார்த்தாள். கட்டடம் அந்தச் சுவரைச் சுற்றித் திரும்பி எதிர் மூலையை உடைத்தது. எதிர் மூலையிலும் சுவர் வைத்தாள்; அத்திவாரம் தாங்கவில்லை. உதயன் அத்தான் சாப்பாட்டுக் கோப்பையை வைக்க இடம் தேடிக் களைத்து, குசினியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"ஒரு தூண்தானே," என்றேன். "மற்ற எல்லாம் பலமா இருந்தா..."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்த மூலை சிவப்பாக இருந்தது. "இதுக்கு மேலை இருக்கிற அறையிலை எட்டுக் கட்டில். எந்த எட்டுப் பேரை அதிலை படுக்க விடுவம்?"

இரண்டாம் முறை போனபோது மாமா அவளைப் பேசவே விடவில்லை. கடையில் சனம் நின்றது. "நீ செத்த மனிசியின்ரை கையெழுத்தைக் கொத்த வந்தனி. வெளியிலை போ," என்று கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று இரவுக்குள் அந்தக் கதை சென் தெனி வரை போய்விட்டது. பெரியம்மா தொலைபேசியில் அழுதார். கரிகாலன் சங்க வாட்ஸப்பில் இரண்டு கும்பிடு கைகளைப் போட்டு, 'பெரியவர்களின் மனதைப் புண்படுத்த வேண்டாம்' என்று எழுதினார்.

மூன்றாம் முறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கும் நேரம் பார்த்து அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். மாமா பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மற்றதைப் பிடித்தேன். வாழைக்காய்ப் பெட்டி, மரவள்ளிப் பெட்டி, கடைசியாகக் கறிவேப்பிலை.

"பெட்டி தூக்கினா மனம் மாறுவன் எண்டு நினைக்கிறியோ?" என்றார்.

"இல்லை மாமா. பெட்டி பாரமெண்டு தூக்கினனான்." அவள் கையைத் தட்டினாள். "நான் ஒரு கிழமையாய்ப் பாத்தனான். அந்தத் தூணை விட்டிட்டுச் செய்ய வழியில்லை. நீங்கள் மாட்டன் எண்டா கரிகாலன் அண்ணை வேலையை நிப்பாட்டுவார். அப்ப கொலோவுக்கு மெலீனாவை அனுப்பமாட்டன். அதோடை விடவும் மாட்டன். பஸ் வெளிக்கிடுற அண்டைக்கு வாசலிலை நிண்டு ஒவ்வொரு தாய் தேப்பனுக்கும் சொல்லுவன். நகரசபை மெரிக்கும் எழுதுவன். கட்டடத்தைப் பூட்டுவினம்."

"சங்கத்தை உடைக்கப் போறாய்."

"ஓம்."

"என்னை மிரட்டுறாய்."

"ஓம் மாமா. வேறை என்ன செய்ய?"

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தெருவைக் கழுவும் வண்டி கடையைக் கடந்து போனது.

"ஒண்டு இருக்கு," என்றாள் அக்கா, குரலைத் தணித்து. "எழுத்து பூச்சிலைதான் இருக்கு, கொங்கிறீற்றிலை இல்லை. சுத்திவர மெல்லிய அறுக்கிற வாளாலை வெட்டி, பின்னாலை வயர் விட்டு, பலகை மாதிரிக் கழட்டிப் பாக்கலாம். மடுத்தீன் அண்ணை செய்யிறன் எண்டவர்."

மாமா தலையைத் தூக்கினார். "உடையாதோ?"

"உடையலாம்."

"உடையாது எண்டு சொல்லு. நான் ஓம் எண்டுறன்."

"சொல்லமாட்டன் மாமா. பூச்சு எங்கை ஒட்டியிருக்கு, எங்கை விட்டிருக்கு எண்டு எனக்குத் தெரியாது."

ஒரு பெண் வந்து முருங்கைக்காய் கேட்டாள். மாமா எழுந்து போய், நல்லதாகப் பார்த்து எடுத்து, நிறுத்து, காசை வாங்கிப் போட்டார். பிறகு அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நீதிமன்றத்துக்குப் பயந்து கரிகாலன் வந்து, தான் எல்லாத்தையும் கவனமாச் செய்விக்கிறன், ஒண்டும் நடக்காது எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். அவன் சொன்னதை நான் நம்பேல்லை," என்றார். "எண்டைக்கு வெட்டுறியள்? நானும் வருவன்."

ஏப்ரலில் வேலை தொடங்கியது. கடையை மகளிடம் விட்டுவிட்டு மாமா வந்தார். மற்றத் தூண்களின் பூச்சை வேலையாட்கள் இயந்திரத்தால் உரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூலைத் தூணிடம் மட்டும் சத்தம் இல்லை. மடுத்தீன் அண்ணை அதைச் சுற்றி நுரைப் பலகை கட்டினார், கீழே மெத்தை விரித்தார். எழுத்தின் நாலு பக்கமும் கோடு கீறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். மேலிருந்து வயரை விட்டு, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அக்காவுமாக மெல்ல மெல்ல இழுத்தார்கள். ஐயா வேலுப்பிள்ளை விட்டுக் கொடுத்தது. அம்மா நல்லம்மா விட்டுக் கொடுத்தது. மாமா இரண்டு கையாலும் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி வரியில் பூச்சு தூணோடு இறுகியிருந்தது. அக்கா "நிப்பாட்டுங்கோ" என்றாள். மடுத்தீன் அண்ணை நிறுத்தினார். ஆனாலும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மேற்பகுதி முழுதாக மாமாவின் கையில் வந்தது. சாரதாதேவி என்ற பெயர் மட்டும் துண்டுகளாகவும் மாவாகவும் மெத்தையில் விழுந்தது.

மடுத்தீன் அண்ணை கையுறையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாமா தடுத்தார். கையில் இருந்ததை மெத்தையில் கிடத்திவிட்டுக் குந்தி இருந்து, விழுந்த துண்டுகளில் பெரியவற்றைப் பொறுக்கினார். கொஞ்சம் பொருத்திப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கைலேஞ்சியில் முடிந்தார்.

"தாய் தேப்பனைத் தந்திட்டு அவள் நிண்டிட்டாள்," என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தூணைக் கொத்துங்கோ."

அன்றைக்கே பரிசுக்குத் திரும்புவார் என்று நினைத்தோம். அவர் போகவில்லை. மேலே ஒரு கட்டிலில் படுக்கப் போனவரை, வேலை முடியும்வரை அங்கே ஒருவரும் படுக்கக் கூடாது என்று அக்கா இறக்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். காலையில் வந்து அந்த மூலையில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவார். கம்பி கட்டுகிறவர்களுக்குத் தேநீர் வைத்துக் கொடுப்பார். அவர்கள் போர்த்துக்கலில் இருந்தும் மாலியில் இருந்தும் வந்தவர்கள். ஒவ்வொரு வளையமும் எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கொங்கிறீற் ஊற்றும் நாள் கரிகாலன் பரிசில் இருந்து வந்திருந்தார், படம் எடுக்க. லொறி வாசலில் நின்று வயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு கம்பிக்கூடாக அளவு நாடாவை வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். மூலைத் தூணின் தலைப்பக்கத்தில் நின்றாள். இரண்டு வளையங்கள் கீழே சறுக்கியிருந்தன. இன்னொன்றின் கொக்கி உள்ளே வளையாமல் வெளியே நின்றது.

"இதை அவிட்டுத் திருப்பிக் கட்டவேணும்," என்றாள்.

"தங்கச்சி, லொறி நிக்குது," என்றார் கரிகாலன். "கொங்கிறீற் இறுகிப் போகும். ஒரு வளையம் கொஞ்சம் முன்பின் இருந்தா என்ன, உள்ளுக்கைதானே போகுது, ஆர் பாக்கப் போறது?" வேலையாட்களின் பக்கம் திரும்பி, ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பொன்னம்பலம் மாமா கதிரையை எடுத்துக்கொண்டு போய்க் குழாய்க்கு நேரே, தூணுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"கரிகாலன், உன்ரை கையை மடக்கு," என்றார். "நான் இதுக்கு என்னத்தைக் குடுத்தனான் எண்டு உனக்குத் தெரியும். அவள் ஓம் எண்டு சொல்லுமட்டும் இதுக்குள்ளை ஒரு கரண்டி சீமெந்து போகாது."

கரிகாலன் லொறியைப் பார்த்தார். பிறகு போய்ச் சாரதியோடு கதைத்தார். அந்த லொறி திரும்பிப் போனது. மதியத்துக்குப் பிறகு வேறொன்று வரும் என்றார்கள்.

அக்கா ஏணியில் ஏறினாள். போர்த்துக்கல் ஆள் கீழே இருந்து கம்பிக் குறட்டை எடுத்துக் கொடுத்தான். முதல் வளையத்தின் கட்டை அவள் அவிழ்க்கத் தொடங்கினாள்.